மறு: ‘சாஃப்ட் ஸ்டோரி’ – மென்தளம் வேண்டாம், துவளடுக்கு என்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘மென்தளம்’ என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

‘சாஃப்ட் ஸ்டோரி’க்கு, அதாவது மேலடுக்குகளைவிட விறைப்புக் குறைந்து நிலநடுக்கத்தில் எளிதில் வளைந்துவிடும் அடுக்குக்கு, அந்தப் பெயர் சுருக்கம்தான். புரிகிறது என்பதை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. அண்மையில் ஓர் அடுக்கக உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டட ஆய்வுக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். “உங்கள் கட்டடத்தில் மென்தளம் உள்ளது” என்ற வரியைப் படித்த பெரியவர், “கார் நிறுத்துற இடத்துல போன வருஷம்தானே கல் பதிச்சோம், தளம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. கட்டட வேலையில் ‘தளம்’ என்றால் கான்கிரீட் பலகம். “நாளைக்குத் தளம் போடுறோம்” என்பார் மேஸ்திரி. நாம் பெயர் தேடுவதோ இரண்டு தளங்களுக்கு நடுவே தூண்கள் நிற்கும் பகுதிக்கு. ‘மென்’ அதைவிடச் சிக்கல்: மென்காற்று, மென்சிரிப்பு என்று இதமானவற்றுக்கே பழகிய அடை. ஆளைக் கொல்லும் குறைபாட்டுக்கு அதைச் சூட்ட மனம் வரவில்லை.

கொல்லும் என்று சொல்வதற்கு அகமதாபாத் சான்று. 2001 ஜனவரி 26, காலை 8.46. நிலநடுக்கத்தின் மையம் குஜராத்தின் கச்சில், பச்சாவ் அருகே. அகமதாபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தொலைவிலும் அந்நகரில் 70க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து, சுமார் 750 பேர் இறந்தார்கள். ஆற்று வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது ஒரு காரணம். இடிந்தவற்றில் பெரும்பாலானவை கீழே வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டு, மேலே வீடுகள் கட்டியவை.

மேல் அடுக்குகளில் தூண்களுக்கிடையே செங்கல் சுவர்கள் நிறைந்திருப்பதால் அந்தப் பகுதி முழுதும் ஒரே பெட்டிபோல விறைப்பாக நிற்கும். கீழே வெறும் தூண்கள். தினைப்புனத்துக் காவல் பரணை நினைத்துக்கொள்ளுங்கள்: கம்பங்களின் மேல் பாரம். நிலம் பக்கவாட்டில் உதறும்போது மேல்பெட்டி வளையாது. வளைய வேண்டியதை எல்லாம் கீழ்த்தூண்களே வளைந்தாக வேண்டும். தூணின் தலையிலும் அடியிலும் கான்கிரீட் நொறுங்க, மேலிருப்பது அப்படியே உட்கார்ந்துவிடும்.

இதற்குத் தமிழில் வினை ஏற்கெனவே இருக்கிறது. “கால் துவண்டு விழுந்துட்டார்” என்கிறோமே, அந்தத் துவள்தல். தூணையும் நாம் கால் என்போம்: பந்தக்கால், முகூர்த்தக்கால். மேல்உடம்பு திடமாக இருக்க, கால் மட்டும் துவள்வதுதான் இங்கே நடப்பது. ஸ்டோரி என்பதற்கு ‘அடுக்கு’ போதும். ‘மாடி’ என்றால் கீழ்ப்பகுதியைச் சொல்ல முடியாது. ஆக, என் முன்மொழிவு: துவளடுக்கு.

> ‘நெகிழடுக்கு’ இன்னும் எளிதல்லவா?

எளிதுதான், ஐயா. ஆனால் முறியாமல் வளைந்து கொடுக்கும் நல்ல பண்பை, டக்டிலிட்டியை, பலர் நெகிழ்வு என்ற சொல்லால்தான் விளக்குகிறோம். நிலநடுக்கப் பொறியியலில் நாம் வேண்டி நிற்கும் பண்பு அது. அதே வேர் குறைபாட்டுக்கும் வந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

> ‘வீக் ஸ்டோரி’க்கும் இதே சொல்தானா?

கூடாது. நல்ல வேளை கேட்டீர்கள், அக்கா. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டையும் பிரித்தது. அந்தப் பதிப்பின்படி, ஓர் அடுக்கின் பக்கவாட்டு விறைப்பு, மேலடுக்கின் விறைப்பில் 70 விழுக்காட்டுக்கும் குறைந்தாலோ, மேலுள்ள மூன்று அடுக்குகளின் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் குறைந்தாலோ அது சாஃப்ட். பக்கவாட்டு வலிமை மேலடுக்கின் வலிமையில் 80 விழுக்காட்டுக்கும் குறைந்தால் வீக். விறைப்பு வேறு, வலிமை வேறு: முன்னது வளையாமல் நிற்பது, பின்னது முறியாமல் தாங்குவது. ‘வீக் ஸ்டோரி’க்கு ‘நலிவடுக்கு’ என்கலாம். இதைவிட நல்லது கிடைத்தால் மகிழ்வேன்.

சொல் தெளிவானால் தீர்வையும் அதே சொல்லால் பேச முடியும். ‘துவளடுக்கை விறைப்பாக்கல்’ என்றதும் வேலை விளங்கிவிடுகிறது: கார் போகாத இடைவெளிகளில் அடித்தளத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புவது, எஃகுச் சட்டங்களைக் குறுக்காகப் பொருத்துவது, தூணைச் சுற்றிக் கம்பி கட்டி மேலுறை வார்ப்பது. புதுக் கட்டடமென்றால் தூணின் நிலைக்கம்பிகளைச் சுற்றிவரும் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, கொக்கிகளைத் தூணுக்குள் 135 பாகைக்கு மடக்க வேண்டும். கணக்கிட்ட நிலநடுக்க விசையைப்போல் 2.5 மடங்கைத் துவளடுக்கின் தூண்களும் உத்திரங்களும் தாங்க வேண்டும் என்று அந்த 2002 பதிப்பு விதித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் இவ்வகைப் பழைய மரச்சட்டக் கட்டடங்களை வலுப்படுத்துவதை 2015இல் கட்டாயமாக்கியது. சென்னையும் 2002இல் நிலநடுக்க அபாய வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. ‘ஸ்டில்ட்’ வைத்த, அதாவது கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடத்து வீட்டில் குடியிருப்பவர் தம் மொழியில் படித்துப் பொறியாளரிடம் கேட்க ஒரு சொல் வேண்டும்.

அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டேன். வரி இப்போது இப்படி: “உங்கள் கட்டடத்தின் கார் நிறுத்தப் பகுதி ஒரு துவளடுக்கு. நிலநடுக்கம் வந்தால் இதன் தூண்கள் துவண்டு, மேல்வீடுகள் சரியக்கூடும்.” வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் கொடுக்கிறேன். அதற்குள் மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.