பாட்டு கேட்டா மூளைல ஜீன் ஆன் ஆகுமா?

மலர்அம்மா:
வணக்கம் மக்களே. பொண்ணு ப்ளஸ் 2 பயாலஜி படிக்கிறா, கூடவே உக்காந்து நானும் படிக்கிறேன். டிஎன்ஏ பிறக்கும்போதே வந்தது, கடைசி வரைக்கும் அதே தான்னு படிச்சோம். நேத்து ஒரு வீடியோல, ஒரு குருவி புதுப் பாட்டு கேட்ட கொஞ்ச நேரத்துல அதோட மூளை செல்லுல ஒரு ஜீன் வேலை செய்ய ஆரம்பிக்குதுன்னு சொன்னாங்க. "அப்போ பாட்டு கேட்டா டிஎன்ஏ மாறுமாம்மா"ன்னு கேக்குறா, எனக்கு பதில் தெரியல. காதுல விழுற சத்தம் செல்லுக்கு உள்ள இருக்குற ஜீன் வரைக்கும் எப்படி போகுது?

சோதனைக்கூடம்:
அக்கா, டிஎன்ஏல எழுத்து மாறாது. ஒரிஜினல் பத்திரம் பீரோல பத்திரமா இருக்கும், தேவைப்படும்போது ஜெராக்ஸ் எடுப்போம்ல, அந்த மாதிரி தான். அந்த ஜெராக்ஸ் தான் எம்ஆர்என்ஏ, அத வச்சு தான் செல்லு ப்ரோட்டீன் செய்யுது. அனுபவத்தால மாறுறது எந்தப் பக்கத்த எவ்ளோ காப்பி எடுக்குறதுங்கறது மட்டும் தான்.

சத்தம் எப்படி அங்க போகுதுன்னா, ஒரு நியூரான், அதாவது மூளை செல்லு, பக்கத்து நியூரானுக்கு குளூட்டமேட்ங்கற சிக்னல் கெமிக்கல விடும், அது நல்லா தூண்டப்பட்டா அதுல இருக்குற கால்சியம் கதவுகள் திறந்து கால்சியம் உள்ள பாயும், அந்த கால்சியம் சில என்சைம்கள எழுப்பி விடும், அதுங்க டிஎன்ஏ இருக்குற நியூக்ளியஸ்ல உள்ள க்ரெப்ங்கற ப்ரோட்டீன் மேல ஒரு பாஸ்பேட்ட ஒட்டிடும், அவ்ளோ தான், காப்பி எடுக்குற வேலை ஸ்டார்ட். சில நிமிஷத்துலயே நடந்துடும். சி-ஃபாஸ்னு ஒரு ஜீன் தான் இதுல ரொம்ப பிரபலம். அதுல இருந்து வர்ற ப்ரோட்டீன் திரும்ப நியூக்ளியஸுக்கே போய் வேற ஜீன்கள ஆன் பண்ணும். ஆர்க்னு இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான். அதோட எம்ஆர்என்ஏ நியூக்ளியஸ விட்டு கிளம்பி, நியூரானோட கிளைக்குள்ள எந்த சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கிற இடம்) வேலை செஞ்சுதோ அந்த இடத்துக்கே போய் சேருது!

மலர்அம்மா:
தம்பி, ஜெராக்ஸ் உதாரணம் சொன்ன உடனே அவளுக்கு புரிஞ்சிடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா அடுத்த கேள்வி ரெடியா வச்சிருக்கா. அதே பாட்ட நூறு தடவ போட்டா நூறு தடவயும் ஜீன் ஆன் ஆகுமா?

ஃபின்ச்_பிரியன்:
பாப்பாகிட்ட சொல்லுங்க, சூப்பர் கேள்வி. நான் வீட்ல ஃபின்ச் வளக்கிறேன், அதனால இத தேடித் தேடி படிச்சிருக்கேன். அந்த வீடியோல சொன்னது ஸீப்ரா ஃபின்ச்சா தான் இருக்கும், ஆஸ்திரேலியா குருவி, நம்ம ஊர் பறவைக் கடைலயும் கிடைக்கும். 1992ல மெல்லோ, விகாரியோ, க்ளேட்டன்னு மூணு விஞ்ஞானிங்க அதுக்கு பாட்ட போட்டுக் காட்டி மூளைய பாத்தாங்க. ஸெங்க்ங்கற ஜீன் தன் இனத்து பாட்டுக்கு நல்லா ஆன் ஆச்சு, வேற பறவையோட பாட்டுக்கு கம்மி, வெறும் பீப் சத்தத்துக்கு ஒண்ணும் பெருசா இல்ல. அப்புறம் அதே பாட்ட திரும்பத் திரும்ப போட்டப்போ ஜீன் அடங்கிடுச்சு. பாட்ட மாத்துனா மறுபடி ஆன். காது ரெண்டு தடவயும் கேக்க தான் செய்யுது, ஆனா புதுசா இருந்தா தான் ஜீன் அசையுது. இத படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் கூண்டு முன்னாடியே உக்காந்திருந்தேன்.

பழைய_வாத்தியார்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. சி-ஃபாஸ் வந்தாலே ஞாபகம் பதிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, 1987ல எலிக்கு மருந்து குடுத்து வலிப்பு வர வச்சப்பவும் அது தாறுமாறா வந்துச்சு. செல்லு ரொம்ப வேலை செஞ்சுதுங்கறதுக்கு தான் அது அடையாளம்.

ஞாபகத்துக்கு புது ப்ரோட்டீன் வேணுமாங்கறதுக்கு, இந்த ஜீன்கள எல்லாம் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, 1960கள்ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பெர்னார்ட் அக்ரனாஃப்னு ஒரு விஞ்ஞானி தங்கமீன வச்சு பாத்தார். லைட் எரிஞ்சா தடுப்ப தாண்டி நீந்தணும், இல்லன்னா ஷாக். மீன் கத்துக்குச்சு. கத்துக்கிட்ட உடனே ப்ரோட்டீன் உண்டாகாம தடுக்குற பியூரோமைசின்ன தலைல ஊசியா போட்டா, சில நாள் கழிச்சு பாக்குறப்போ மறந்துடுச்சு. அதே ஊசிய ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டா மறக்கல. பயிற்சிக்கு முன்னாடியே போட்டாலும் மீன் அந்த நேரத்துக்கு நல்லா தான் கத்துக்குச்சு, அப்புறம் தான் மறந்துச்சு. பாப்பாவ இந்த கடைசி வரிய ரெண்டு தடவ படிக்கச் சொல்லுங்கம்மா, கத்துக்கிறது வேற, அது நிக்கிறது வேறன்னு அவளே கண்டுபிடிச்சிடுவா.