2038 தேதிச் சிக்கல்: ஒய்2கே காலம் மாதிரி இப்போது எந்தப் பங்கை வாங்கலாம்?

கோவை_சேமிப்பு:
எல்லோருக்கும் வணக்கம். பழைய 32 பிட் சிஸ்டங்களின் கடிகாரம் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8.44க்கு எண்ண இடமில்லாமல் பின்னோக்கிப் போய்விடும் என்று படித்தேன். ஆண்டை இரண்டு இலக்கமாக எழுதிய பழைய புரோகிராம்கள் 2000 பிறந்ததும் 00ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற சிக்கல்தானே ஒய்2கே. ஆபீஸ் நண்பர் ஒருவர், "1999க்கு முன்னாடி ஒய்2கே கம்பெனிப் பங்கு வாங்கினவன் எல்லாம் கோடீஸ்வரன், இதுவும் அப்படித்தான்" என்கிறார். எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) போக மாதம் கொஞ்சம் பணம் மிச்சமாகிறது. 2038ஐச் சரிசெய்யும் கம்பெனிகளைத் தேடி இப்போதே வாங்கிப் போடலாமா?

தலால்_தெரு:
தனியாகத் தேட வேண்டாம். இன்ஃபோசிஸ், டிசிஎஸ் வாங்கிப் போடுங்கள். ஒய்2கேதான் அவர்களைத் தூக்கிவிட்டது. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்குக்கே போய்விட்டதே!

மெயின்ஃப்ரேம்_அக்கா:
தம்பி, அந்த வேலையைக் கையால் செய்தவள் நான். சென்னையில் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி படித்துவிட்டு, நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய புரோகிராம்களில் தேதி தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் நண்பர் சொல்வது உண்மையில்லை.

ஸைடெல் என்று கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி இருந்தது. தகவல் சேமிப்புக் கருவிகள் செய்தவர்கள். மேட்ரிடிஜிம் என்ற தேதித் திருத்த நிறுவனத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதற்காகவே 1996இல் விலை கிடுகிடுவென ஏறியது, பிறகு அதே வேகத்தில் சரிந்தது. ஃபீனிக்ஸ் நகரத்து வயாசாஃப்டை அப்படிச் சொல்ல முடியாது. கோபால் புரோகிராமை அலசும் நல்ல கருவிகள் அவர்களிடம் இருந்தன. அந்தப் பங்கும் 1997இல் உச்சத்துக்குப் போனது. 1999இல் கம்ப்யூவேர் என்ற மென்பொருள் நிறுவனம் வயாசாஃப்டை வாங்க முன்வந்தபோது, கொடுப்பதாகச் சொன்ன விலை பழைய உச்சத்தில் ஒரு சிறு பகுதிதான். அமெரிக்க நீதித் துறை வழக்குப் போட்டதில் அந்த விற்பனையும் நின்றுபோனது.

வருடத்தைக் கவனியுங்கள். 2000 பிறக்க இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே பங்கு உச்சத்தைத் தொட்டுவிட்டது. உலகம் முழுக்க ஒய்2கேயைச் சரிசெய்ய 300 முதல் 600 பில்லியன் டாலர் செலவாகும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டதைச் செய்தித்தாள் படிப்பவர் எல்லோரும் அறிவார்கள். வேலை என்றைக்கு முடியும் என்பதும் ஊருக்கே தெரியும். வரப்போகும் வருமானம் முன்கூட்டியே விலையில் ஏறிவிட்டது.

அந்தப் பணம் திருத்தக் கம்பெனிகளுக்குப் போகவும் இல்லை. உள்ளே இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். நாங்கள் பெரும்பாலும் ஆண்டை நான்கு இலக்கமாக நீட்டவில்லை. விண்டோயிங் செய்தோம், அதாவது இரண்டு இலக்கத்தை வைத்தே நூற்றாண்டை முடிவு செய்வது: 00 முதல் 49 வரை வந்தால் 2000 முதல் 2049, 50 முதல் 99 வரை வந்தால் 1950 முதல் 1999. கோப்புகளின் அமைப்பு மாறாது. திருத்தும் வரிகள் கொஞ்சம்தான். திருத்திய பிறகு பிரீமியம், வட்டி, முதிர்வுத் தேதி எல்லாம் சரியாக வருகிறதா என்று ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில்தான் மாதங்கள் போயின. 100ஆல் வகுபடும் ஆண்டு லீப் இல்லை என்று எழுதிவிட்டு, 400ஆல் வகுபட்டால் லீப் என்பதை விட்டுவிட்ட புரோகிராம்களும் உண்டு. இதெல்லாம் ஆள் உட்கார்ந்து செய்யும் வேலை. செலவில் பெரும்பங்கு வாடிக்கையாளர் தன் சொந்த ஊழியருக்குக் கொடுத்த சம்பளமாகப் போனது. பல நிறுவனங்கள் பழையதைத் திருத்தாமல் எஸ்ஏபி என்ற ஆயத்த நிர்வாக மென்பொருளை வாங்கி மாற்றிக்கொண்டன. 1999 இரண்டாம் பாதியில் பெரிய வங்கிகள் இனி எந்த மாற்றமும் கூடாது என்று சிஸ்டத்தைப் பூட்டின. திருத்தக் கம்பெனிகளுக்கு வேலை வற்றியது.

"ஒன்றுமே நடக்கவில்லையே, எல்லாம் ஏமாற்று" என்று இன்றும் சிலர் சொல்வார்கள். கேட்கும்போது வயிறு எரியும். ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் அத்தனை பேர் ராத்திரி பகலாக உழைத்தோம்.

தலால்_தெரு சார், நீங்கள் சொன்னதில் பாதி சரி. நம்மூர் கம்பெனிகளுக்கு அந்த வேலை உள்ளே நுழைய ஒரு கதவாக இருந்தது. வாடிக்கையாளரின் புரோகிராம் வரிக்கு வரி தெரிந்துபோனதால், 2000க்குப் பிறகு பராமரிப்பு வேலையும் அவர்களுக்கே வந்தது. ஆனால் டிசிஎஸ் 2004 வரை சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. 2000 தொடக்கத்தில் ஐடி பங்குகளை உச்ச விலையில் வாங்கியவர்கள், கம்பெனி நன்றாக வளர்ந்தும், போட்ட பணத்தைப் பார்க்கப் பல ஆண்டு காத்திருந்தார்கள்.

ஓசூர்_எம்பெடட்:
அக்கா சொன்னதோடு 2038 பற்றி என் பங்குக்கு: 64 பிட் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 32 பிட்டுக்கும் 2020இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6இலேயே வழி செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பழைய மீட்டர்கள், தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் நேரத்தைப் பதியும் டைம்ஸ்டாம்ப் மாதிரி விஷயங்கள். பெட்டி பழசானால் அதை விற்றவரே புதுப் பெட்டி விற்பார். இதற்கென்றே பட்டியலிட்ட கம்பெனி எதுவும் என் கண்ணில் படவில்லை.

கோவை_சேமிப்பு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்போ ஐடி பங்கு வாங்குவதென்றால் ஆண்டறிக்கையில் எதைப் பார்க்கணும்?

மெயின்ஃப்ரேம்_அக்கா:
பழைய வாடிக்கையாளர்களிடமிருந்தே வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது, முதல் ஐந்து வாடிக்கையாளர்களை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிறகு இன்றைய விலை லாபத்துக்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள். 2038 பெயரைச் சொல்லி யாராவது டெலிகிராமில் சின்னக் கம்பெனியைத் தள்ளினால், அதன் ஆண்டறிக்கையை இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.