லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யன்: மார்ச் இறுதியில் பெற்றோருடன் பயணம், திட்டம் சரிவரவில்லை

டாலஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, மார்ச் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் கிராண்ட் கேன்யன் செல்ல எண்ணியிருக்கிறோம். லாஸ் வேகஸ் வரை விமானத்திலும், அங்கிருந்து வாடகைக் காரிலும் பயணம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறி இறங்குவது கடினம். அம்மா சுத்த சைவம்.

முதல் நாள் காலையில் வேகஸிலிருந்து புறப்பட்டு, கண்ணாடிப் பாலமான ஸ்கைவாக்கைப் பார்த்துவிட்டு, மாலைச் சூரியன் மறைவதற்குள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தின் தென் விளிம்பை அடைவது; மறுநாள் எதிரே இருக்கும் வட விளிம்பையும் பார்த்துவிட்டு, ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவு, ஜயன் தேசியப் பூங்கா வழியாக இரவுக்குள் வேகஸ் திரும்புவது என்பதுதான் திட்டம். ஆனால் கைப்பேசி வரைபடத்தில் ‘கிராண்ட் கேன்யன்’ என்று தேடினால் ஒரு முறை இரண்டரை மணி நேரம் என்றும், இன்னொரு முறை நாலரை மணி நேரம் என்றும் காட்டுகிறது. இரு விளிம்புகளுக்கும் இடையே பத்து மைல்தான் என்று படித்தேன். அதற்கும் ஐந்து மணி நேரம் காட்டுகிறது. எங்கே இடிக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்விளிம்பு (மறுமொழி)

வணக்கம் நண்பரே. வரைபடம் சரியாகத்தான் காட்டுகிறது. கிராண்ட் கேன்யன் என்பது ஒரே இடமன்று; கொலராடோ ஆற்றின் போக்கில் 277 மைல் நீளத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் பள்ளம் அது. அதன் கரையில் சாலை வந்து தொடும் இடங்கள் சிலவே, அவையும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றன.

இரண்டரை மணி நேரம் என்று காட்டியது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது. அது தேசியப் பூங்காவைச் சேர்ந்ததே அன்று; ஹுவாலபாய் பழங்குடியினருக்குச் சொந்தமான நிலம், 2007-இல் அவர்கள் திறந்த பாலம். ஆகவே தேசியப் பூங்காவின் நுழைவுச் சீட்டு அங்கே செல்லாது, தனியாகப் பணம் கட்ட வேண்டும். நாலரை மணி நேரம் என்று காட்டியது தென் விளிம்பு. படங்களில் நாம் பார்த்துப் பழகிய காட்சிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து எடுக்கப்பட்டவை. ஸ்கைவாக்கிலிருந்து தென் விளிம்புக்குச் செல்ல மேலும் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் உங்கள் பெற்றோர் காரின் கண்ணாடி வழியாகப் பாலைவனத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், தயக்கமே இல்லாமல் தென் விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். பாலத்தின் மேல் நிற்பது சில நிமிட வேடிக்கை. தென் விளிம்பிலோ காலை வெயிலுக்கு ஒரு நிறம், மாலை வெயிலுக்கு வேறொரு நிறம் என்று அந்தப் பள்ளம் மாறிக்கொண்டே இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், அதுவும் முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு வேறெங்கும் கிடைக்காத வசதியோடு.

வட விளிம்பை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். பறவைக்குப் பத்து மைல். ஆனால் காருக்கு, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 215 மைல். அது தென் விளிம்பைவிட ஆயிரம் அடி உயரத்தில், சுமார் 8,000 அடியில் இருப்பதால் பனி அதிகம். அங்கே செல்லும் சாலை குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டு, மே நடுப்பகுதியில்தான் வழக்கமாகத் திறக்கும். மேலும், 2025 ஜூலையில் பரவிய காட்டுத் தீயில் அங்கிருந்த பழைய விடுதிக் கட்டடம் எரிந்துபோய்விட்டது.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோருடன் வருபவர்கள் பலர் இதை வாயிலில்தான் அறிந்துகொள்கிறார்கள். ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும் என்பது பழைய கணக்கு. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் அதற்கு மேல் 100 டாலர் வசூலிக்கும் முறை 11 பூங்காக்களில் வந்திருக்கிறது. கிராண்ட் கேன்யனும் ஜயனும் அந்தப் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். இரண்டு பூங்காக்களுக்கும் செல்லும் உங்களுக்கு, தலைக்குத் தலை இரண்டிடத்தில் கட்டுவதைவிட இந்த ஆண்டுச் சீட்டே லாபம். இங்கேயே வசிப்பவர்கள் என்று காட்ட, நீங்களும் மனைவியும் அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருங்கள்.

டாலஸ்வாசி

மிக்க நன்றி. ஸ்கைவாக்கையும் வட விளிம்பையும் நீக்கிவிட்டேன். அடுத்த சிக்கல் தங்குமிடம்: பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளின் இணையதளத்தில் எங்கள் தேதிகளுக்கு ஓர் அறைகூட இல்லை. வெளியில் தங்குவதானால் எந்த ஊர் நல்லது? அப்பாவால் காட்சி முனைகள் வரை நடக்க முடியுமா? ஆன்டலோப் கேன்யனுக்கு முன்பதிவு செய்யும்போது அங்கே நேரம் ஒரு மணி முந்தியது என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் இல்லை என்று மறுத்தார். அதையும் யாராவது தெளிவுபடுத்துங்கள்.

வண்டிக்காரன் (மறுமொழி)

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசோனா மாநிலம் கோடைக்கால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று நெவாடா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், நீங்கள் செல்லும் நாள்களில் வேகஸும் தென் விளிம்பும் ஒரே நேரத்தில்தான் இருக்கும். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கிறது, ஆகவே அங்கே மட்டும் ஒரு மணி முந்தியிருக்கும். ஆன்டலோப் கேன்யன் நவாஹோ நிலத்தில் இருந்தாலும், பக்கத்திலுள்ள பேஜ் நகரின் அரிசோனா நேரப்படியே அங்கே சுற்றுலா நடத்துகிறார்கள். தகராறு செய்வது கைப்பேசிதான்: நவாஹோ பகுதிக் கோபுரத்தைப் பிடித்தவுடன் அது தானாக ஒரு மணி நேரம் தாவிவிடும். வேகஸிலேயே தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, அரிசோனா நேரத்தைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள்.

நவாஹோ வழிகாட்டி இல்லாமல் ஆன்டலோப் கேன்யனுக்குள் எவரும் செல்ல முடியாது. அதில் கீழ் ஆன்டலோப், மேல் ஆன்டலோப் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. கீழ் ஆன்டலோப்பில் செங்குத்தான இரும்புப் படிகள் இருப்பதால் மேல் ஆன்டலோப்பைப் பாருங்கள்; அங்கும் வெளியே வரும் வழியில் படிகள் இருப்பதால், அப்பாவால் முடியுமா என்று முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில், நீங்கள் ஓர் இணையதளத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பூங்காவுக்குள் இருக்கும் எல் டோவர், பிரைட் ஏஞ்சல், மாஸ்விக் ஆகிய விடுதிகளை ஒரு நிறுவனமும், யவாபாய் லாட்ஜை வேறொரு நிறுவனமும் நடத்துகின்றன. இரண்டு தளங்களிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். பதின்மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுவதால் முதலில் எல்லாம் நிரம்பியதாகத் தெரியும். பயண நாள் நெருங்கும்போது ரத்தாகும் அறைகள் ஒன்றிரண்டாக வரும். வெளியூர் என்றால், பூங்கா வாயிலை ஒட்டிய டூசயான் மிக அருகில் இருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கும். வில்லியம்ஸ் ஒரு மணி நேரம், பிளாக்ஸ்டாஃப் ஒன்றரை மணி நேரம். சூரிய உதயம் பார்க்க விரும்பினால் டூசயானுக்கு அப்பால் செல்லாதீர்கள், ஏனெனில் மார்ச் கடைசியில் காலை ஆறேகால், ஆறரைக்குள் சூரியன் எழுந்துவிடும். இருட்டில் அந்தச் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும்.

எங்கே பதிவு செய்தாலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே எடுங்கள். தென் விளிம்புக்குக் குடிநீர், பள்ளத்தின் மறுபக்கச் சுவரிலிருந்து சுரக்கும் ஊற்றிலிருந்து, 1960-களில் பதித்த ஒற்றைக் குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய் அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்டு இறுதியில் அடுத்தடுத்து உடைந்தபோது, பூங்காவுக்குள் இரவு தங்குவதையே சில நாள்கள் நிறுத்தி வைத்தார்கள்.

கல்லும்மண்ணும் (மறுமொழி)

உங்கள் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் தந்தையாரையும் ஊன்றுகோலுடன் அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன்.

ஹெர்மிட் சாலை என்னும் ஏழு மைல் சாலையில்தான் ஹோப்பி, மோஹாவி, பீமா போன்ற சிறந்த காட்சி முனைகள் வரிசையாக உள்ளன. மார்ச் முதல் நவம்பர் வரை அதில் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. சிவப்புத் தடத்தில் ஓடும் இலவசப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். போகும்போது எல்லா முனைகளிலும் நிற்கும் அந்தப் பேருந்து, திரும்பும்போது சிலவற்றில் மட்டுமே நிற்கும். மாலையில் ஹோப்பி முனையில் கூட்டம் சேர்ந்துவிட்டால், இருட்டிய பின் குளிரில் பேருந்துக்காக வரிசையில் நிற்க நேரும். நடக்க இயலாதவர்களுக்கென்று பூங்காவில் ஓர் அனுமதிச் சீட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாயிலிலேயே அப்பாவின் நிலையைச் சொல்லி அதைக் கேட்டு வாங்கிவிட்டால், உங்கள் காரையே ஹெர்மிட் சாலைக்குள் ஓட்டிச் செல்லலாம். அப்பா காரிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். இந்த ஒரு சீட்டு உங்கள் பயணத்தையே மாற்றிவிடும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யவாபாய் நிலவியல் காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். விளிம்பின் ஓரத்திலேயே கட்டிய அந்த அறையில், பெரிய கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் குளிரில்லாமல் நின்று முழுப் பள்ளத்தையும் பார்க்கலாம். அங்கிருந்து, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கிச் செல்லும் தளமிட்ட பாதையில், ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும்படி வெண்கலக் குறிகள் பதித்து, அந்தந்தக் காலத்துப் பாறைகளை வழிநெடுக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். காலடியில் இருக்கும் மேல் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள் பழையது, அடியில் கறுத்துத் தெரியும் பாறை சுமார் 175 கோடி ஆண்டுகள் பழையது. இவை அனைத்தையும் அறுத்துக் கீழே இறங்கிய ஆற்றின் வேலையோ பெரும்பாலும் கடந்த ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தப் பள்ளம் கூடுதலாகக் கொஞ்சம் பேசும்.

பாலைவனம் என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். தென் விளிம்பு 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் பகலில் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியும், இரவில் உறைநிலைக்குக் கீழேயும் வெப்பநிலை இருக்கும். பனி பொழிந்தாலும் வியப்பில்லை. அந்த உயரத்தில் பெரியவர்களுக்குச் சற்று மூச்சு வாங்கும், ஆகவே முதல் நாள் மெதுவாகச் செல்லுங்கள். நீங்கள் மட்டும் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க விரும்பினால், தென் கைபாப் பாதையில் 0.9 மைலில் உள்ள ஊ-ஆ முனை வரை இறங்கி ஏறலாம். பாதையின் தொடக்கத்தில் பனிக்கட்டி உறைந்திருக்கும், காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை வேண்டும், குடிநீர் கிடையாது, இறங்கிய நேரத்தைப் போல் இரு மடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். காட்சி முனைகள் பலவற்றில் தடுப்புக் கம்பி கொஞ்ச தூரம்தான் இருக்கும், அதற்கப்பால் வெறும் விளிம்பு. மகளின் கையை விடாதீர்கள்.

டாலஸ்வாசி

திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் நாள் காலையில் வேகஸிலிருந்து கிங்மன், வில்லியம்ஸ் வழியாகத் தென் விளிம்பு; மாலையில் அனுமதிச் சீட்டுடன் ஹெர்மிட் சாலை; டூசயானில் இரண்டு இரவுகள். இரண்டாம் நாள் உதயம், காட்சியகம், ஓய்வு. மூன்றாம் நாள் காலையில் புறப்பட்டு, கிழக்கு வாயில் வழியாகப் பேஜ் சென்று, பிற்பகலில் மேல் ஆன்டலோப் பார்த்துவிட்டு அங்கேயே தங்குவது. நான்காம் நாள் ஜயன் வழியாக வேகஸ். இதில் குறை ஏதும் உண்டா? அம்மாவுக்காகச் சிறிய மின் குக்கர் ஒன்றை எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன்.

வண்டிக்காரன்

நல்ல திட்டம். மூன்றாம் நாள் கிழக்கு வாயிலுக்குச் செல்லும் டெசர்ட் வியூ சாலையை அவசரமாகக் கடக்காதீர்கள். அது 23 மைல், காட்சி முனைகளில் நின்று நின்று செல்ல இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதன் கோடியில், மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932-இல் கட்டிய கற்கோபுரம் இருக்கிறது. மேலே ஏறப் படிகள்தான், ஆனால் அப்பா கீழே நின்றே ஆறு திரும்பும் இடத்தை நன்றாகப் பார்க்கலாம். கிராமத்துக்குள் பெட்ரோல் நிலையம் இல்லாததால், முந்தைய இரவே டூசயானில் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கைப்பேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதன்று, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தென்விளிம்பு

குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சாதாரண மின் குக்கரில் அரிசி நேரம் பிடித்தும் விதை விதையாக நிற்கும். அழுத்தத்தில் வேகும் மின் குக்கராக எடுத்துச் செல்லுங்கள். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று விடுதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேகஸிலேயே தயிர், ஊறுகாய், சப்பாத்தி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் ஓடிவிடும்.