புதுப்பிப்பு: வேலை தெரிந்தும் மனசு விட்டுப்போன டெய்லர்

போன மாசம் கேட்டிருந்தேன்: திருப்பூரில் எங்கள் பனியன் யூனிட்டில் பிளாட்லாக் தையல் மெஷினில் கைதேர்ந்த அக்கா ஒருவர் மந்தமாகிவிட்டார், புதுப் பையனுக்கோ ஆர்வம் நிறைய, ஆனால் மெஷினின் அடிப்பக்கக் கொக்கியான லூப்பரில் நூல் கோக்கக்கூடத் தெரியாது, ரெண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதா என்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றிங்க.

மேலாண்மை அறிஞர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969-இல் சொன்ன வழியை ஒருவர் எழுதியிருந்தார். குறிப்பிட்ட அந்த வேலையில் ஆளுக்குத் திறமை எவ்வளவு, மனசு எவ்வளவு என்று பார்த்து, நாம் நடத்தும் விதத்தை மாற்றிக்கொள்வது.

பையன் விஷயம் எளிது. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி, உடனே சரிபார்த்தோம், பிடித்துக்கொண்டான்.

அக்காவுக்கு அப்படிச் செய்தால் அவமானம். "என்னாச்சுங்க அக்கா?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தேன். பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவர், ஸ்டைல் அடிக்கடி மாறுவதால் கை பழகுவதற்குள் அடுத்த லாட் (ஒரே மாதிரித் தைக்க வேண்டிய துணிகளின் தொகுப்பு) வந்துவிடுகிறது, சனிக்கிழமை கூலி குறைகிறது, யாரும் கேட்கவில்லை என்றார். நியாயமான வருத்தம், சோம்பல் இல்லை. இப்போது லாட் பிரிப்பதை அவரிடம் கலந்துதான் முடிவு செய்கிறோம், வேகம் திரும்பிவிட்டது.

அப்புறம் ஒன்று, இது எனக்கு முக்கியமாகப் படுகிறது: அதே அக்காவைச் செக்கிங் (தைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) பார்க்கச் சொன்னபோது அதில் அவர் புதுசு, அங்கே பையனுக்குச் சொன்ன மாதிரியே விளக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சின்ன லாட்டுக்கு ரேட் கூட்டுவது பற்றி முதலாளியிடம் பேச்சு நடக்கிறது, முடிவானதும் எழுதுகிறேன்.