புதுப்பிப்பு: அப்பாவின் மைப்பேனா எழுதுகிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பல வருஷம் அலமாரியில் கிடந்த அப்பாவின் எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனா, மை காய்ந்து அடைத்துவிட்டது, நாட்குறிப்பு எழுத அதுதான் வேண்டும் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ஊறவைக்கும் யோசனைதான். சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். 3 நாள், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். முதல் நாள் நீலம் நூல் நூலாகக் கரைந்து இறங்கியது. மூன்றாம் நாள் நிப்பும், அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையும் தானாகக் கழன்றன. வெந்நீர் வேண்டாம், எபோனைட் பழுப்பேறிவிடும் என்று தடுத்தவருக்குத் தனி நன்றி. நான் கெட்டிலை வைத்தேவிட்டிருந்தேன்!

எதிர்பாராதது ஒன்று. மை நிரப்பி எழுதும்போது, அது பாதிக்குக் கீழே இறங்கியதும் தாளில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. மரையில் கசிவு இல்லை. கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. ஃபில்லரால் நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில் இது வழக்கமாம். இப்போது பாதி வந்ததுமே நிரப்பிவிடுகிறேன், அதற்குப் பிறகு சொட்டவில்லை.

நேற்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நிப்பு அப்பாவின் சாய்வுக்கே தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் ஓடுகிறது.