திருகோணமலை உப்புவெளியில் பழைய ஓட்டு வீடு: விற்க முதல் எதை மாற்றலாம்?

ஆலடிச்சந்தி:
அறுபதுகளில் கட்டின கல்வீடு, 20 பேர்ச் (ஏக்கரில் எட்டிலொரு பங்கு) காணி. கள்ளிக்கோட்டை ஓடு, முன்விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை. ஓட்டைக் கழற்றி கூரைச் சீற் அடிச்சு, தரைக்கு ரைல்ஸ் பதிச்சால் விலை கூடும் என்கிறார் தரகர். சரியா?

கூரைவேலை:
இரண்டும் வேண்டாம். 2009இல் போர் முடிஞ்ச பிறகு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்தவென்று வீடு தேடுறவங்க இருக்கிறாங்க. அவங்களுக்கு விறாந்தையும் ஓடும்தான் கண்ணில் படும். சீற் அடிச்ச வீட்டுக்குக் காணி விலையோட கதை முடிஞ்சுது.

100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு போகும். உடைஞ்சதுக்கு வேற சூளை ஓட்டை இடையில் செருகினால் காடி (ஓட்டோடு ஓடு பூட்டிற பள்ளம்) பொருந்தாது, மாரிக்கு அந்த இடத்தாலேயே ஒழுகும். குசினிக் கூரையிலுள்ள நல்ல ஓடுகளைக் கழற்றி முன்பக்கத்துக்குப் போடுங்க; குசினிக்கு முழுக்கப் புது ஓடு. வளை (கூரையைத் தாங்கிற மரம்) சுவருக்குள் போற நுனியை ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினால் கறையான், இல்லாட்டி உளுத்தல். நடுவில் தட்டிப் பார்த்து நல்ல மரமென்று சொல்றவரை நம்பாதீங்க. முதலில் பழுதாகிறது ஈரம் தங்கிற அந்த நுனிதான்.

சுண்ணாம்புக்காரன்:
சுவர்ப் பூச்சு சுண்ணாம்பென்றால், அடியில் உப்புப் பூத்த இடத்துக்குச் சீமெந்து பூசக்கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, புதுப் பூச்சு முடியிற இடத்துக்கு மேல திரும்பப் பூக்கும். பழசை உரிச்சு, காய விட்டு, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு ஆற்று மணல் போட்டுப் பூசுங்க. கடல் மணல் கலந்தால் உப்பை நீங்களே உள்ளுக்கு வைக்கிறீங்க. மேல வெள்ளையடிச்சால் போதும். பிளாஸ்டிக் பெயின்ற் மூச்சை அடைச்சிடும்.

சிவப்புத் தரைக்கு அசிட் ஊற்ற வேண்டாம், சீமெந்தை அரிக்கும். சோப்புத் தண்ணி, நல்லாக் காய்ஞ்ச பிறகு சிவப்பு மெழுகு. மயிர் வெடிப்பை அப்படியே விடுங்க. காவி கலந்து அடைச்சால் நிறம் சேராமல் தழும்புதான் தெரியும்.

ஆலடிச்சந்தி:
நன்றி. காணி உறுதி (பத்திரம்) தாத்தா பேரில. அவற்றை பிள்ளைகளில் இரண்டு பேர் கனடாவில்.

காணிஉறுதி:
அப்ப மேசனுக்கு முதல் உறுதி எழுதிற நொத்தாரிசைப் பாருங்க. வெளிநாட்டிலுள்ளவங்களின் அற்றோணித் தத்துவம் (அவங்களுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இல்லாமல் முழுக் காணியையும் எழுதேலாது. பிரிக்காத பங்கை மட்டும் வாங்க ஆள் வராது, வந்தாலும் அடிமாட்டு விலைதான். காணிப் பதிவகத்தில் இந்தக் காணியின் பதிவேட்டைத் தேடி, புது நில அளவைப் படமும் எடுத்து வையுங்க. பேமிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் குடுத்த காணி) என்றால் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றேலாது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால், வாங்கிறவர் பின்னால அறை கட்ட நினைச்சால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் கேட்கும். அதை முதலே சொல்லிடுங்க, முற்பணம் வாங்கின பிறகு அல்ல.