கோல்ஃப்: டிரைவரில் மட்டும் பந்து வலப்பக்கம் வளைகிறது, எதை மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். நான் வலது கை ஆட்டக்காரர். 7 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை) பந்து ஓரளவு நேராகப் போகிறது. நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரை எடுத்தாலோ இலக்குக்குச் சற்று இடப்பக்கம் கிளம்பி, பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்துவிடுகிறது. ஈடுகட்ட இன்னும் இடப்பக்கம் பார்த்து நின்றால் வளைவு கூடுகிறது. கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கும் விதத்தை) மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
கிரிப்புக்கு அப்புறம் வரலாம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் நேரத்தில் கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசைதான். ஸ்விங் பாதையும் (கிளப் வீசப்படும் திசை) முகமும் வேறு வேறு பக்கம் பார்ப்பதால் வளைவு வருகிறது. உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்புவதால் முகம் சற்று இடப்பக்கம் இருக்கிறது. பாதை அதைவிட இடப்பக்கம். அதாவது, வெளியிலிருந்து உள்ளே இழுத்து அடிக்கிறீர்கள். இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதையும் கூடவே திரும்பும், வளைவு கூடத்தான் செய்யும். அயர்னில் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) அதிகம். பின்சுழற்சி கூடுவதால் அதே பிழை அவ்வளவாகத் தெரிவதில்லை.

இப்போது கிரிப்பை மட்டும் வலுவாக்கினால் (கைகளை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால்) பந்து வளையாமல் நேராக இடப்பக்கமே போகும். அதனால் முதலில் பாதை. பந்து இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக இருக்கிறதா, தோள்கள் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதங்கள் சரியாக இருந்தும் தோள் திறந்திருப்பது (இடப்பக்கம் திரும்பியிருப்பது) ரொம்ப சகஜம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பயிற்சிக்கு டிரைவரின் உறையைப் பந்துக்குச் சற்றுப் பின்னால், உங்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அதில் படாமல் அரை வேகத்தில் அடியுங்கள். கீழே இறங்கும்போது இடுப்பு முதலில் திரும்பட்டும். தோள் முந்தினால் கிளப் வெளியே தள்ளப்படும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தோள்தான் திறந்திருந்தது. உறை வைத்து அடித்ததில் இடப்பக்கம் கிளம்புவது நின்றுவிட்டது. ஆனால் இப்போது வலப்பக்கமே கிளம்பி, லேசாக வலப்பக்கம் வளைகிறது.

பதில் 1:
நல்ல முன்னேற்றம்! பாதை திருந்திவிட்டது, முகம் மட்டும் திறந்திருக்கிறது (வலப்பக்கம் பார்க்கிறது). இனி கிரிப்பைத் தொடலாம். மேலிருந்து பார்த்தால் இடது கையில் 2 அல்லது 3 விரல் முட்டிகள் தெரிய வேண்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கிளப்பின் முகத்தில் பவுடர் ஸ்பிரே அடித்து, பந்து படும் இடத்தையும் பாருங்கள். டிரைவரில் ஹீல் பக்கம் (முகத்தில் கம்பியை ஒட்டிய பகுதி) பட்டால், ஸ்விங் சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். அப்படியென்றால் பந்திலிருந்து நிற்கும் தூரத்தைச் சரிபாருங்கள்.